ஐம்பத்தொன்றரை வோல்ட்

பேட்டரி அண்ணிக்கு ‘அண்ணி’யைக் கொடுத்தது அவளுடைய நாத்தனார், ‘பேட்டரி’யைச் சேர்த்துக்கொண்டது தெரு. கணவன் போனபின் மூலையில் முடங்கிக் கிடந்தவளை, “அழுதது போதும் அண்ணி, எழுந்திரு” என்று பேட்டரி வேலை கற்றுக்கொள்ள இழுத்துப் போனவள் அந்த நாத்தனார்தான். படுத்த படுக்கையான தன் அப்பாவையும், “நீ கடையைப் பாரு, அப்பாவ நான் பாத்துக்கறேன்” என்று தன்னுடைய இரண்டாம் மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். கூடப்பிறந்தவள் செய்வாளா இதை? அவளை நினைக்காமல் அண்ணி ஒருநாளும் ஷட்டரைத் தூக்கியதில்லை.

நாத்தனார் வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ். அவளுடைய மின்சார ஸ்கூட்டரின் பழைய பேட்டரி உயிரை விட்டதும், புதுசை நான்தான் கட்டித் தருவேன் என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றாள்.

எதைக் கட்டுவது என்றுதான் மூன்று நாள் மண்டையைக் குடைந்தது. பழையது என்எம்சி, நிக்கல் வகை. எடை குறைவு, எண்பது கிலோமீட்டர் ஓடும். சூடு தலைக்கேறினால் மட்டும் பொல்லாதது. எல்எஃப்பி என்கிற இரும்பு பாஸ்பேட் வகை நல்ல கனம், அதே பெட்டிக்குள் ஐம்பத்தைந்துதான் ஓடும்; ஆனால் லேசில் தீப்பிடிக்காது, இரண்டு மடங்கு காலம் உழைக்கும். நாத்தனார் வீட்டில் சார்ஜ் போட இருப்பதோ ஒரே பிளக், அதுவும் மாமனார் கட்டிலின் தலைமாட்டில். அண்ணி எல்எஃப்பியையே கட்டினாள்.

“என்ன அண்ணி, இது பேட்டரியா பாறாங்கல்லா? இதை மாடிக்கு ஏத்தறதுக்குள்ள எனக்கே ஒரு நர்ஸ் வேணும் போல!”

“வாய் பேசாம தூக்கு பாப்பா. சார்ஜ் காட்டற பழைய மீட்டர் இதுக்கு ஒத்துவராது. புது மீட்டர் வர்ற வரைக்கும் நான் பாத்துச் சொல்றேன்.”

புதுசை மாட்டிய நான்காம் நாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு நாத்தனார் வந்து நின்றாள்.

“கடைசி ஊசி ஒண்ணு பாக்கி அண்ணி. பதினஞ்சு கிலோமீட்டர். ஆறு மணிக்குள்ள போட்டே ஆகணும். போயிடுமா?”

அண்ணி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்றரை வோல்ட்.

“பாதி இருக்கு. தைரியமா போ.”

வண்டி தெருமுனை தாண்டி அரைமணி ஆகியிருக்கும். கடைக்கு வந்த ஒருவர் எல்எஃப்பி பற்றி விசாரிக்க, அண்ணி வழக்கமான பாடத்தை ஆரம்பித்தாள்: “ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. இதுல வோல்ட்டை நம்பவே கூடாது. கடைசி வரைக்கும் இறங்காத மாதிரியே காட்டும், அப்புறம் பொசுக்குனு...”

அடிப்பாவி! பாதி என்பது பழைய வகைக் கணக்கு. பதினோரு வருஷம் நிக்கலையே பார்த்துப் பழகிய கண். இந்தப் பேட்டரியில் ஐம்பத்தொன்றரை என்றால் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே அதிகம்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள், அவள் எடுக்கவில்லை. வந்தவரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பழுது தீர்ந்து நின்ற ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நாத்தனாரின் ஸ்கூட்டர் ஓரமாகப் பூட்டி நின்றது. ஆளைக் காணோம். யாரோ ஒரு நோயாளி ஊசிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாத்தனார் சொல்லியிருந்த விலாசத்தைத் தேடிப் போனபோது, அந்த வீட்டுப் படியில் நாத்தனார் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தாள்.

“ஊசி?”

“போட்டாச்சு. பத்து நிமிஷம் மிச்சம். பாதி ஓட்டம், பாதி நடை.”

அண்ணி அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “தப்பு என்னுது பாப்பா. என் கண்ணு கெட்டுப்போச்சு. நாளைக்கே பழைய வகையைக் கட்டிடறேன்.”

“ஐயோ, வேணவே வேணாம்!”

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வண்டி நின்னா நான் நடந்துக்குவேன் அண்ணி. தீப்பிடிச்சா அப்பா நடப்பாரா? இதை நான் உன்கிட்ட சொன்னதே இல்ல. நாலு வருஷமா ராத்திரி சார்ஜ் போட்டுட்டு, பிளக்கைப் பாத்துக்கிட்டே முழிச்சுக் கெடப்பேன். இந்த மூணு நாளாத்தான் தூங்கறேன்.”