கம்ப்யூட்டருக்கு வைத்த பூ

தென்னூரில் சின்னதாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் ஆறு வருடமாக வேலை பார்ப்பவர் கலா அக்கா. போன வருடம் ஆயுத பூஜை முடிந்து கடையைத் திறந்த அன்றே, அவருடைய கம்ப்யூட்டர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

"பெருக்கும்போது இடிச்சிட்டீங்களாக்கா?"

"இல்லைங்க மேடம், நான் இடிக்கவே இல்லை."

நான் நம்பவில்லை. பெட்டிக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். பக்கவாட்டில் தட்டினேன். தட்டினால் கொஞ்ச நேரம் அடங்கும். எங்கோ இடிபட்டுத்தான் கழன்றிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் "என்னங்க சத்தம்?" என்று கேட்டால், அக்கா காதில் விழும்படியே, "பார்த்துப் பெருக்கலைன்னா இப்படித்தான்" என்பேன். அவர் தலை நிமிராமல் டைப் அடிப்பார்.

பத்தாம் நாள், ஒருவரின் வேலை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பும்போது கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மெக்கானிக்கை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தவர், பின்பக்க ஃபேனில் சுற்றியிருந்த வாழைநாரை உருவினார். நாரோடு காய்ந்த சாமந்தி இதழ்கள் உதிர்ந்தன.

"யாருங்க இதுக்குப் பூ வச்சது? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா போர்டே போயிருக்கும்."

பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து, பின்னால் இருந்த கம்பி வலையில் பூச்சரத்தைச் செருகியது நான்தான். கலா அக்கா மேசையில் விழுந்த இதழ்களைக் கையால் கூட்டி அள்ளினார்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்று மெக்கானிக் முன்னாலேயே சொன்னேன்.

இப்போது ஏதாவது சத்தம் கேட்டால், யாரையும் கேட்பதற்கு முன் கரண்டை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். இந்த வருட ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு மட்டும்தான் வைத்தேன். பூவைக் கலா அக்கா தலையில் வைத்துவிட்டேன்.