பேய்ப் படத்துக்குப் போய்ப் பெண் பார்த்த கதை

தொண்ணூறுகளில் புனேயில் தமிழ்ப் படம் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி ஒன்றுதான் வழி. தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய தியேட்டரை வாடகைக்கு எடுத்து, சென்னையிலிருந்து ரயிலில் வரும் படப்பெட்டிக்காகக் காத்திருப்பார்கள். என்னைப் பெண் பார்த்தது அந்தத் தியேட்டரில்தான்.

அதற்குக் காரணம் என் பிடிவாதம். முன்பே இரண்டு பேர் ஔந்த் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, கேசரி சாப்பிட்டு, என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவரிடம் சின்னதாக ஒரு கிண்டல் செய்தேன். பெண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று பதில் வந்தது. இனி தட்டைத் தூக்கிக்கொண்டு யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா வங்கியில் வேலை பார்த்தவர், சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிறவர். "ரெண்டு குடும்பமும் படத்துக்குப் போவோம். தற்செயலாப் பாத்த மாதிரி இருக்கும்" என்றார்.

அம்மா விடவில்லை. "இதுவும் தட்டிப் போச்சுன்னா அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளதான். வேலைய விட்டுட்டு ஊரப் பாத்துப் போய்ச் சேரு" என்றாள். பள்ளிக்கூடத்து ஆசிரியை வேலை எனக்கு உயிர். புனேயும்தான். அம்பாசமுத்திரத்துக்காரர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

இந்த மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போல் திருநெல்வேலிப் பக்கம். மாப்பிள்ளை புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஆண்கள் முன்வரிசையிலும் பெண்கள் பின்வரிசையிலுமாக உட்கார்ந்ததில் அவர் எனக்கு நேர் முன்னால் வந்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர் கழுத்தைத் திருப்பினால்தான் என்னைப் பார்க்கலாம். எனக்கோ அவருடைய பின்னந்தலையும் இரண்டு காதும் தாராளமாகத் தெரிந்தன.

குடும்பப் படம் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றிருந்தார்கள். விளக்கு அணைந்து, திரையில் ஒரு சின்னப் பெண் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, அலமாரிக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று அழுதபோதுதான் ரயிலில் வேறு பெட்டி வந்துவிட்டது என்று புரிந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவளை நம்பவில்லை. தியேட்டரில் ஒருவரும் எழுந்து போகவில்லை. காசும் கொடுத்தாயிற்று, புளியோதரையும் கட்டிக்கொண்டு வந்தாயிற்று.

எங்கள் தியேட்டரில் பயம் இரண்டு தவணையாக வந்தது. முதலில் பெரியவர்கள் அலறுவார்கள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த, தமிழ் சரியாகப் புரியாத பிள்ளைகள் "க்யா போலா, க்யா போலா" என்று அம்மாக்களைப் பிடுங்கி, இந்தியில் விளக்கம் கேட்டு, அப்புறம் அலறுவார்கள். அதற்குள் திரையில் அந்தக் குடும்பம் உட்கார்ந்து நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பின்னால் ஒருவர் முருகனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் படத்துக் குழந்தையையே அதட்டினார்: "அதத் தொறக்காதட்டி, சொன்னாக் கேளு."

அவள் கேட்கவில்லை. அலமாரிக் கதவு திறந்ததும் மாப்பிள்ளை இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த என் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்பா மரியாதைக்காக அசையாமல் இருந்தார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா தொடையில் கிள்ளினாள். எனக்கு மறுபக்கம் இருந்த மாப்பிள்ளையின் அம்மா ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார்.

இடைவேளையில் வெளியே வடாபாவும் டீயும். கேட்டுப் பார்த்தால் ஆண்கள் யாருமே பயப்படவில்லை, எல்லாம் மேக்கப் என்றார்கள். பெண்களின் கோபம் முழுவதும் அந்தக் குழந்தையின் அம்மாமேல். "பச்சப்பிள்ளையத் தனி ரூம்ல படுக்கப் போட்டா அது பயப்படாம என்ன செய்யும்?" என்றாள் அம்மா. "நம்ம ஒன் ரூம் கிச்சன்ல பேய் வந்தாலும் படுக்க எடம் கெடையாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. இருவரும் சேர்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை டீ டம்ளரோடு என் பக்கம் வந்தார்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க. மிச்சப் படத்துக்கு வெளியவே நின்னுரலாம்னு பாக்கேன்" என்றார்.

"அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுன்னு தெரிய வேண்டாமா?"

"அதுவும் தெரியணும்."

அத்தனை ஆண்களில் உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போனது. "நீங்க கண்ண மூடிக்கோங்க. நான் பின்னால இருந்து சொல்லுதேன்" என்றேன்.

சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார். நான் முன்னால் குனிந்து, "இப்ப வேண்டாம், வேண்டாம். சரி, பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் நல்ல பிள்ளையாகக் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிடித்துப்போனதுதான் இப்போது எனக்குப் பயமாக இருந்தது. இவரும் கிண்டல் தாங்காத ஆளாக இருந்தால் என்ன செய்வது? ஆயுசு முழுக்க என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது என்று பட்டது. குழந்தையின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை மெதுவாக வெளியே வந்த நேரத்தில், "இப்பப் பாக்கலாம்" என்றேன்.

அவர் போட்ட அலறலில் திரையில் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா "அடிப்பாவி" என்று முனகினாள். எனக்கு அம்பாசமுத்திரம் கண்முன்னால் வந்து போனது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "ஆளக் கொன்னுருவீங்க போலுக்கே" என்றார். சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். படத்தில் அந்த அப்பாவும் அம்மாவும் ஒருவழியாகக் குழந்தையை நம்பி, கடைசியில் மூவரும் ஒரே பாயில் படுக்கும் வரைக்கும் அவர் விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றோம். அவருடைய அம்மாவின் முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. அவருடைய அப்பா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "பையன்ட்ட கலந்து பேசிட்டுத் தகவல் சொல்லுதோம்."

"என்னையக் கேட்டு என்னப்பா செய்ய? நான் கண்ண மூடிட்டுல்லா இருந்தேன்" என்றார் அவர். "இன்னைக்குப் பாத்தது அவங்கதான். அவங்களக் கேளுங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அதுவரை வந்தவர்கள் யாரும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும் கேட்டதில்லை. "எனக்குச் சம்மதம்" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன்.