அந்தப் பாட்டு எந்தக் கல்லில்?

மயிலாடி சிற்பக்கூடத்துக்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரரை அழைத்துப் போனேன். சிற்பி, கவிஞரும்கூட. செம்பட்டைத் தாடி, அகன்ற தோள். பேசி முடிக்கும்போதெல்லாம், கல்தூசு ஒட்டியிருப்பதுபோல் உள்ளங்கையை ஊதிக்கொள்வார்.

நந்திக்குக் கொம்பு கொத்திக்கொண்டிருந்த ஆசாரி கேட்டார்: "தொரை அவங்க ஊர்ல என்ன செலை செய்யுதாரு?"

நான் மொழிபெயர்த்தேன்.

"இப்போது பெயர்கள்தான் கொத்துகிறேன். ஐரோப்பா யுத்தத்தில் செத்த பையன்களின் பெயர்கள்" என்றார் அவர். பிறகு தணிந்த குரலில், "அவர்களை யுத்தத்துக்குப் போகச்சொல்லிப் பாட்டு எழுதியவனும் நான்தான்."

அதையும் சொன்னேன். ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பாட்டையும் அதே கல்லுல கொத்தியாச்சான்னு கேளுங்க."

கேட்டேன். அவர் முகம் காதுவரை சிவந்தது.

நாகர்கோவில் வரும்வரை வண்டியில் உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்தார். எனக்கும் அவரைப் பார்க்கக் கூசியது. அன்று அவர் எந்தக் கல்லையும் தொடவில்லை.