நாங்கள் போகவிருந்த பாலைவனம்

பலேர்மோவில் எனக்குக் கிடைத்த முதல் நிலையான வேலை லிபெர்த்தா என்ற தெருவில், ஒரு வயதான தம்பதியின் வீட்டில். சிஞ்ஞோரா என்று நான் கூப்பிட்ட அந்த அம்மா முன்பு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் ஒரு நோய் அவருக்கு. நான் வேலைக்குப் போனபோது கால்கள் செயலிழந்திருந்தன. கரண்டி பிடிக்க மட்டும் கைகளில் பலம் இருந்தது. அவரைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்குவது எல்லாம் என் வேலை. நான் சிஞ்ஞோரே என்று கூப்பிட்ட கணவர் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு ஊர் ஊராகச் சுற்றலாம் என்று ஒரு கேம்பர் வாங்கியிருந்தார். உள்ளே கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டி அது. வாங்கிய வருடமே சிஞ்ஞோரா விழுந்துவிட்டார். வண்டி முற்றத்தில் படங்கு மூடிக் கிடந்தது.

ஒரு குளிர்காலத்தில் சிஞ்ஞோரா திடீரென்று சொன்னார், சாகும் முன் பாலைவனம் பார்க்க வேண்டும் என்று. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிப் படிப்பித்தேன், ஒருநாளும் பார்த்ததில்லை என்றார். வெயில் ஏறும் முன், வசந்தத்தில், கேம்பரோடு துறைமுகத்தில் கப்பல் ஏறி ஆபிரிக்காவில் உள்ள துனிஸுக்குப் போய், அங்கிருந்து தெற்கே ஓட்டிப் போவது என்று முடிவானது. மிலானோவில் இருந்த அவர்களுடைய மகளிடம் வைத்தியர் என்ன சொல்லியிருந்தார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் மறுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரியும். சிஞ்ஞோரே கேம்பரின் ஓர் இருக்கையைக் கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் பிடிகம்பி பொருத்தினார். வாசற்படியில் சிஞ்ஞோராவை ஏற்றிப் பழகினோம். சிஞ்ஞோரே தோள்களைப் பிடிக்க, நான் முழங்காலுக்குக் கீழே கைகொடுப்பேன். ஒருமுறை பிடி தவறி மூவரும் கேம்பரின் தரையில் குந்திவிட்டோம். சிஞ்ஞோரா சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு தண்ணீர் கொண்டுபோவது, மருந்தை எப்படிக் குளிரில் வைப்பது, என்ன சமைப்பது என்று எல்லாவற்றையும் என்னிடமும் கேட்டார்கள். நானும் போகிறேன் என்பது அவர்களுக்குக் கேள்வியே இல்லை.

"நீ பாலைவனம் பார்த்திருக்கிறாயா?" என்று சிஞ்ஞோரா ஒருநாள் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

பார்த்திருந்தேன். மன்னாரில் கலியாணம் முடித்த கையோடு நானும் கணவரும் ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டோம். விமானத்தில் ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில் இறக்கினான். அங்கிருந்து லொறியில், படங்குக்குக் கீழே, பல நாட்கள் மணல். தந்த தண்ணீரில் டீசல் மணத்தது. இவருக்குக் காய்ச்சலும் சத்தியும் தொடங்கின, குடித்தது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. ஒரு விடியற்காலை எழுப்பினேன், எழும்பவில்லை. லொறிக்காரன் அவசரப்படுத்தினான். கூட வந்த ஆண்கள் கையாலும் சாப்பாட்டுக் கோப்பையாலும் மணலைத் தோண்டினார்கள். என் சால்வையை அவர் முகத்தில் போட்டேன். சிலுவை வைக்க ஒரு தடி இல்லை. லொறி திரும்ப ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நிலம் வெள்ளையாகிவிட்டது, எங்கள் ஊர் உப்பளம் போல. எனக்கும் காய்ச்சல்தான். ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அது எந்த நாடு என்று இன்றைக்கும் தெரியாது.

சிஞ்ஞோரே நூலகத்திலிருந்து ஒரு படப்புத்தகம் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பக்கத்தில் அந்த வெள்ளை நிலம். வானம் வரைக்கும் உப்பு. நாங்கள் போகவிருந்த பாதை அதற்குப் பக்கத்தால் போனது. மேசை துடைத்த துணியோடு அப்படியே நின்றேன்.

அன்று நான் குடியிருந்த கபோ பகுதிக்குத் திரும்பி, என்னோடு அறையில் இருந்த அக்காவிடம் சொன்னேன். அவரும் மன்னார்தான். என் கதை முழுவதும் தெரிந்தவர்.

"அக்கா, நான் அவையோடை போகப்போறன்."

"உனக்கென்ன விசரே? அந்த மணலுக்குள்ளாலை உயிரோடை வந்ததே பெரிய காரியம். திரும்பப் போய்ப் பாக்க அங்கை என்ன கிடக்கு?"

"தெரியேல்லை. ஒருக்கா இறங்கி நிண்டு பாக்க வேணும் போலை கிடக்கு."

"அதுதான் அந்த இடமெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெசோ காட் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. இப்ப வெளியிலை போனால் திரும்பி உள்ளுக்கு விடுவாங்களோ?"

"சிஞ்ஞோரே வாறாராம், குவெஸ்தூராப் பொலிசிலை கதைக்க."

அவர் வந்தார். வெளிநாட்டவர் வரிசையில் காலையிலிருந்து என்னோடு நின்றார். அந்த வரிசையில் நின்ற ஒரே இத்தாலியன் அவர்தான். சில தாள்கள் கொண்டுவந்தால் செய்யலாம் என்று உள்ளே இருந்தவர் சொன்னார். வெளியே வந்ததும் சிஞ்ஞோரே எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்குச் சந்தோஷம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது.

பிறகு ஒரு மத்தியானம் சிஞ்ஞோரா கேட்டார். "எப்போதும் இந்த ஒரு பக்கத்தையே பார்க்கிறாய். இதில் என்ன இருக்கிறது?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் கணவர், லொறி, காய்ச்சல், செத்தார் எல்லாம் இருந்தன. 'தாட்டோம்' என்பதற்குச் சொல் இல்லை. அதனால் வரைபடத்தின் மேல் இரண்டு கைகளாலும் தோண்டிக் காட்டினேன். சிஞ்ஞோரே எழும்பி ஜன்னலுக்குப் போனார். சிஞ்ஞோராவால் கண்ணீரைத் துடைக்க முடியவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

அடுத்த நாள் மேசையில் வரைபடம் இல்லை.

"போகவில்லை" என்றார் சிஞ்ஞோரா. "உனக்கு முன்னால் உட்கார்ந்து, எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தோமே. உன்னை அங்கே கொண்டுபோவது கொடுமை."

இல்லை, நான் போக வேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன். வந்தது 'வா பெனே'. சரி என்று அர்த்தம். அந்த வீட்டில் நான் எதற்கும் சொல்லிப் பழகிய சொல் அது.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?" என்று அக்கா ஏசினார். இரண்டு நாள் கழித்து, குளிப்பாட்டும்போது சொன்னேன். "சிஞ்ஞோரா, எனக்குப் போக விருப்பம். பயமில்லை." அவர் என் கையில் கன்னத்தை வைத்தார். "எனக்காகச் சொல்கிறாய். நீ நல்லவள்" என்றார். நான் கையை எடுத்து அவர் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

உயிர்த்த ஞாயிற்றுக்குள் கைகளும் போய்விட்டன. பிறகு விழுங்க முடியாமல் போனது, பிறகு மூச்சு. ஜூலையில், ஷிரோக்கோ காற்று வீசிய ஒரு காலையில், சிஞ்ஞோரா போனார். தெற்கிலிருந்து வந்த அந்தச் சூட்டுக் காற்று பல்கனி முழுவதும் சிவந்த தூசியைக் கொட்டியிருந்தது. ஆட்கள் வரப்போகிறார்கள் என்று நான் அதைக் கழுவினேன்.

மகள் மிலானோவிலிருந்து வந்தார். வீட்டைப் பூட்டித் தகப்பனைத் தன்னோடு கூட்டிப்போக முடிவு செய்தார். கேம்பரை வாங்க ஒருவர் வந்தார். அதை முற்றத்திலிருந்து எடுத்துப் போவதை நானும் சிஞ்ஞோரேயும் நின்று பார்த்தோம்.

"அவளைக் கொண்டுபோயிருக்க வேண்டும்" என்றார் அவர்.

"நானும் போக விரும்பினேன், சிஞ்ஞோரே."

அவர் திரும்பினார். "அப்படியென்றால் பயணத்தைக் கைவிட்டபோது ஏன் எங்களைத் தடுக்கவில்லை?"

அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் கண்களை மூடித் தலையை ஆட்டிவிட்டுப் படியேறிப் போனார். பிறகு அவரை நான் காணவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் சிஞ்ஞோராவின் ஆன்மாவுக்கு ஒரு பூசை கொடுத்தேன். பெயர் எழுதிக் கொடுக்கும்போது கணவரின் பெயரையும் சேர்த்து எழுதினேன். அவருக்கென்று அதுவரை நான் ஒரு பூசையும் கொடுத்ததில்லை. கொடுத்தால் முடிந்துவிடும் போல இருந்தது. இத்தாலியப் பாதிரியார் என் கணவரின் பெயரைத் தடுமாறி, இரண்டு தரம் பிழையாக வாசித்தார். பக்கத்தில் நின்ற அக்கா மட்டும் சரியாகச் சொன்னார், வாய்க்குள்ளே. பூசை முடிந்ததும் நான் பஸ் எடுத்து லிபெர்த்தாவுக்குப் போனேன். அதே தெருவில் இன்னொரு வீட்டில், படுக்கையில் கிடந்த ஒரு கிழவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.