ஜாம்பியாவில் ஒரு நீண்ட மேசை

ஆப்பிரிக்காவுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது என் மனைவிதான். சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடியில் அவளுக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ரவிக்கை தைத்துக்கொண்டே கைப்பேசியில் விலங்குப் படங்கள் பார்ப்பாள். கென்யாவுக்குப் போய்வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஒற்றைச் சிங்கத்தைச் சுற்றி வண்டிகள் நெருக்கியடித்து நின்ற படத்தை அவளிடம் காட்டியிருக்கிறார்.

“ஞாயித்துக்கெழம தேக்கா கார்பார்க் மாதிரி இருக்குங்க. நமக்குக் கூட்டம் போகாத நாடாப் பாக்கணும்” என்றாள்.

தேடித் தேடி ஜாம்பியாவைப் பிடித்தாள். அங்கே லுவாங்குவா என்று ஓர் ஆறு. அதன் கரையில் சில கூடாரங்கள் மட்டுமே உள்ள சிறிய முகாம். துப்பாக்கியோடு ஒரு காவலர் முன்னால் போக, நாம் பின்னால் வரிசையாகக் காட்டுக்குள் நடந்தே போகலாம் என்று இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

எனக்கும் ஆசைதான். நான் செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறேன். உயரத்தில் ஒரு கண்ணாடி அறை, அதில் நான் மட்டும். கீழே நிற்பவர் கைச்சாடையில் தூக்கச் சொன்னால் தூக்குவேன், இறக்கச் சொன்னால் இறக்குவேன். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன, நாலு பேர் இருந்தால் வாய் திறக்க வராத எனக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. காடும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற்பாடுகள் நடந்தன. மழை இல்லாத மாதங்களில் புல் காய்ந்து விலங்குகள் ஆற்றுக்கு வரும் என்பதால் செப்டம்பர் என்று முடிவு செய்தோம். நீலமும் கறுப்பும் உடுத்தக் கூடாதாம், கடிக்கிற ஈ ஒன்று அந்த நிறங்களைத் தேடி வருமாம். மனைவி காக்கித் துணி வாங்கி எனக்கு அளவெடுத்தாள். கடைசியாக ஏறுகிற குட்டி விமானத்தில் பெட்டி ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்ததும் இரண்டு துணிப்பைகள் தைத்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது முகாமிலிருந்து வந்த மின்னஞ்சலைப் படித்துச் சொன்னாள். “ராத்திரி எல்லாரும் ஒரே நீளமான மேசையில ஒக்காந்து, அன்னைக்குப் பாத்ததப் பத்திப் பேசிக்கிட்டே சாப்பிடுவாங்களாம். கைடும் நம்மகூடத்தான். நல்லாருக்குல்ல?”

நான் தட்டை ஒதுக்கி வைத்தேன். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள், முள்கரண்டி, ஆங்கிலம். யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி ஏதாவது கேட்பார். மேசையே என் வாயைப் பார்த்துக் காத்திருக்கும்.

அன்றிலிருந்து தட்டிக்கழிக்க ஆரம்பித்தேன். “ராத்திரி கூடாரத்துக்கிட்ட சிங்கம் வருமாம்ல?” என்று ஒருநாள் கேட்டு வைத்தேன். எனக்கு விலங்குகளைக் கண்டு பயம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை. செய்தி மச்சினனுக்குப் போயிற்று. கோப்பிக் கடையில் வைத்து அவன் என்னை விடவில்லை.

“மாமா, நீங்க ஏன் பயப்படுறீங்க? சிங்கம் அக்காவப் பாத்தவொடனே ஓடிரும் லா.”

“சும்மா இருடா.”

“இல்லன்னா கிரேனையும் கூட எடுத்துட்டுப் போங்க. மேல ஏறி ஒக்காந்துக்கலாம்.”

பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். சிங்கத்துக்குப் பயந்தவன் என்ற பெயர் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

அடுத்த வாரம் வேலை முடிந்து அவளை அழைத்துவரக் கடைக்குப் போனேன். காக்கித் துணி வெட்டப்படாமல் மடிக்கப்பட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிருந்தது.

“பினாங்கு போலாங்க” என்றாள். “நீங்க பயந்துக்கிட்டே வந்தா எனக்கு என்ன சந்தோஷம்? நாளைக்கு அவங்களுக்கு வரலன்னு எழுதிடுறேன்.”

கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அவள் எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள்.

“சிங்கம் இல்லம்மா” என்றேன்.

“பின்ன? யானையா?”

“அந்த மேச.”

அவளுக்குப் புரியவில்லை. சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“கல்யாண வீட்டுல நீங்க சாம்பார் வாளியத் தூக்கிட்டு ஓடுறது இதுக்குத்தானா? வீட்டுக்காரருக்குத் தங்கமான மனசுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்!”

பரிமாறுகிறவன் பந்தியில் உட்கார வேண்டாம், பேச வேண்டாம், “இன்னும் கொஞ்சம் போடவா” என்று கேட்டால் போதும். அங்கேயும் அப்படி ஏதாவது உதவி செய்கிறேன் என்று கேட்டுப் பார்க்கலாமா என்றேன்.

“ஆப்பிரிக்கா போயும் வாளியா? அப்ப என் பக்கத்துல யாரு ஒக்காருவா?”

இத்தனை கல்யாணங்களில் அவள் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நானே கையை நீட்டி மேல்தட்டிலிருந்து துணியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகாமின் வழிகாட்டி வீடியோ அழைப்பில் வந்தார். மனைவி கைப்பேசியைத் தையல் இயந்திரத்தில் சாய்த்து வைத்து, ஒதுங்கி உட்கார்ந்திருந்த என்னை நாற்காலியோடு இழுத்துப் பக்கத்தில் போட்டாள். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். பின்னால் ஒரு கோழி குறுக்கே போயிற்று. கழிப்பறை எவ்வளவு தூரம், வெள்ளிக்கிழமை சைவம் கிடைக்குமா என்று இவள் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார். சார் எந்த விலங்கைப் பார்க்க விரும்புகிறார் என்று கேட்டார்.

ஆற்றில் நீர்யானைகள் கிடக்கும் படம் மட்டும் ஞாபகம் வந்தது.

“ஹிப்போ.”

ஏன் என்றார்.

“மை வைஃப் லைக்.”

“நான் எப்பங்க சொன்னேன்?” என்று அவள் தமிழில் கத்தினாள்.

வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அவள் பதில் சொல்லப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். அவரும் காத்திருந்தார்.

நான் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டேன். “ஷீ சே…” என்று ஆரம்பித்தேன்.