நூலைத் தொடாத பிள்ளைகள்

இன்று காலை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தார்கள். அந்த வாசம் ஏறியதும் டோக்கன் மறந்துபோச்சு. மனசு எங்கள் தெருமுனை மாடிக்கு ஓடிவிட்டது. சனிக்கிழமைகளில் அங்கேயும் இதே வாசம்தான்.

பசங்களா, அந்த மாடியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் குழு நடந்தது. சம்பளத்துக்கு யாரும் இல்லை. தையல்கார பத்மா அக்காவும் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து நடத்தினார்கள். ஒரே சட்டம்: பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது, கூட்டி வந்தவரும் தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். என் மனைவிக்குச் சனிக்கிழமையும் கடையில் வேலை. அதனால் நான் போவேன். அத்தனை அம்மாக்கள் நடுவில் ஒரே மீசை.

எனக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளாது. தறியை விட்டு வந்தாலும் கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கும்.

"இன்னாங்க, இங்கயும் நெய்துகினு இருக்கீங்களா?" என்பார் பத்மா அக்கா.

சிரிப்பேன். உள்ளே கவலை வேறு. இரண்டரை வயசு மகள் பந்து, பொம்மை, மாவு உருண்டை எதையும் தொடமாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நிற்பாள். பிள்ளைக்கு ஏதாவது குறையோ என்று அவளையே பார்த்துகினு இருப்பேன்.

ஒருநாள் பத்மா அக்கா ஒரு பை நிறையக் கழிவுப் பட்டு நூலைக் கொண்டுவந்து நடுவில் கொட்டினார். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள்.

"இழுத்து விளையாடுங்கடா!"

ஒரு பிள்ளையும் நகரவில்லை. அதுவரை குதித்துகினு இருந்த வாண்டுகள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டன. அத்தனையும் தறி வீட்டுப் பிள்ளைகள். 'நூலத் தொடாத, அறுந்துடும்' என்று நடக்கும் முன்பே கேட்டு வளர்ந்தவை. என் மகள் அந்தச் சொல்லை நூலோடு நிறுத்தாமல் எல்லாச் சாமானுக்கும் வைத்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க மொதல்ல கலைங்க" என்றார் பத்மா அக்கா.

எனக்கா? நூல் சிக்கினால் சோறு தண்ணி மறந்து பிரிக்கிற ஆள் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டேன்.

"ஐயோ, சிக்கிடும்ண்ணே!" என்று ஓர் அம்மா பதறினார்.

மகள் சுற்றிலும் பார்த்தாள், யாராவது அதட்டுகிறார்களா என்று. பிறகு கிட்டே வந்து, என் மீசையில் தொங்கிய பச்சை இழையைப் பிடித்து ஒரே இழு. அறுந்தது. அடுத்ததைப் பிடித்தாள்.

குழு இப்போது இல்லை. பத்மா அக்கா மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். மாடியில் ஜெராக்ஸ் கடை. மகளிடம் இதைச் சொன்னால், "நானா தொடாம இருந்தேன்? சும்மா பேஜார் பண்ணாதப்பா" என்கிறாள், என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துகினு.