ஒடுங்கிய பில்டருக்கு வெளியே

வெள்ளவத்தையில் என் அமெச்சூர் வானொலிக்கு நான் போட்டிருந்தது மிக ஒடுங்கிய பில்டர், அதாவது ஒலி வடிகட்டி. அது ஒரேயொரு மோர்ஸ் ஒலியை உள்ளே விட்டு, அக்கம்பக்கத்து இரைச்சலை எல்லாம் தடுத்துவிடும். விதிமுறை தெரியாதவர்களையும் தடுத்துவிடும் என்பதில் எனக்கு இரகசியப் பெருமை.

கொட்டாஞ்சேனையிலுள்ள என் வானொலி நண்பர் பாரிசவாதத்தால் பேச்சிழந்த பிறகு, தினமும் காலை ஏழு மணிக்கு மோர்ஸில் கதைப்பதென்று முடிவுசெய்தோம். மூன்று நாள் காத்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் முதலில் அழைப்பதாக ஏற்பாடு. ஆகவே நானும் விசாரிக்கவில்லை. நான்காம் நாள் அவருடைய மனைவி தொலைபேசியில் வந்தார்.

“அண்ணை, அவரோட ஏதும் கோவமோ? ஒவ்வொரு நாளும் கூப்பிடுறார், நீங்கள் பதில் தாறேல்லை.”

“குறிச்ச அலைவரிசையில நிக்கச் சொல்லுங்கோ, தங்கச்சி. அதுதான் முறை.”

“இடக்கையால அந்தக் குமிழை அவ்வளவு நுணுக்கமாத் திருப்ப ஏலாது அண்ணை. நீங்கள் கொஞ்சம் தள்ளித் தேடக்கூடாதோ?”

அகலமான பில்டருக்கு மாற்றினேன். இரைச்சல் கொட்டியது. அதற்குள், சற்றுத் தள்ளி, யாரோ என் அழைப்புக்குறியைத் தப்பும் தவறுமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பதில் அனுப்பினேன். பிறகு எழுத்தெழுத்தாக வந்தது: “இண்டைக்குத்தான் எழும்பினனீயோ?”

இப்போது ஒடுங்கிய பில்டரைக் கடைசியில்தான் போடுகிறேன். யார் கூப்பிடுகிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும். சுத்தமாகக் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு.